பச்சை நிழலில் ஒரு வெற்றிலைக்கொடி

பொறுங்கள். அந்தப் பச்சை நிழல்வலைச் சுருளை ரயில் பரணில் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு தவற்றைத் திருத்திவிட வேண்டும். உங்கள் ஒருவருடைய தவறு என்று சொல்ல மாட்டேன். நாடு முழுக்க இருக்கிறது. இலை பச்சையாக இருக்கிறது, ஆகவே பச்சை வெளிச்சம் அதற்கு ஒத்துக்கொள்ளும் என்று படித்தவர்கள்கூட நினைக்கிறார்கள். இதைவிட அபாயகரமான கருத்து நம் மாவட்டத்தில் தற்போது புழக்கத்தில் இல்லை.

இலை ஏன் பச்சையாகத் தெரிகிறது? சிவப்பை எடுத்துக்கொள்கிறது, நீலத்தை எடுத்துக்கொள்கிறது, அவற்றை வைத்துச் சமைக்கிறது. பச்சையில்தான் கொஞ்சத்தை வேண்டாம் என்று ஒதுக்குகிறது. அந்த ஒதுக்கியதுதான் நம் கண்ணுக்கு வருகிறது. பந்தியில் பக்கத்து ஆள் எழுந்துபோன பிறகு அவருடைய இலையில் பாகற்காய் மட்டும் மிச்சம் கிடக்கிறது. 'ஆகா, மனுஷனுக்குப் பாகற்காய் என்றால் உயிர்' என்று சொல்வீர்களா? சொல்ல மாட்டீர்கள். ஆனால் இலை விஷயத்தில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

உட்காருங்கள். திருச்செந்தூர் வரைக்கும்தானே? நானும் அங்கேதான். பெயர் குற்றாலலிங்கம். ஓய்வு பெறும்வரை பாளையங்கோட்டையில் தாவரவியல் ஆசிரியர். ஓய்வுக்குப் பிறகும் தாவரவியல்தான். ஆசிரியர் வேலை மட்டும் போய்விட்டது.

மகளுக்குக் கல்யாணம். முதல் பத்திரிகையை முருகன் பாதத்தில் வைக்கப் போகிறேன். முறைப்படி தம்பதியாகத்தான் போக வேண்டும். என் மனைவி பிரமுவுக்கு முழங்கால் வலியாம். மாடிப்படி ஏறும்போது மட்டும் அந்த வலி வருவதில்லை என்பதைக் கவனித்துவைத்திருக்கிறேன். சரி, அதை விடுங்கள். பச்சை வெளிச்சத்துக்கு வருகிறேன்.

எங்கள் மகள் கோமதிக்கு வரன் அமைவது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. பொருத்தம் பார்ப்பார்கள், பேசுவார்கள், தாம்பூலம் மாற்ற நாள் குறிக்கிற கட்டத்தில் ஏதாவது ஒன்று முறியும். ஒருமுறை இரண்டு முறை இல்லை. பிரமு அம்மனிடம் வேண்டிக்கொண்டாள். வீட்டில் வெற்றிலைக்கொடி வைத்து, அதில் வளர்ந்த இலையை நிச்சயத் தட்டில் வைப்பதாக வேண்டுதல். ஒரே ஒரு இலை போதும், ஆனால் நம் வீட்டு இலையாக இருக்க வேண்டும். வெற்றிலைக்கும் வரனுக்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்கவில்லை. நம்பிக்கை விஷயங்களில் நான் தலையிடுவதில்லை. 'வேண்டுதல் உன் பொறுப்பு, ஒளிச்சேர்க்கை என் பொறுப்பு' என்று மட்டும் சொன்னேன்.

ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலிலிருந்து தண்டு வந்தது. எங்கள் வீடு தரைத்தளம். பின்பக்கம் கொஞ்சம் திறந்த இடம் உண்டு. சிமெண்ட் தொட்டியில் நட்டாள். தை மாதம் நட்டது மாசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். பிரமு காலையில் எழுந்து பல் விளக்குவதற்கு முன்னால் அதைப் போய்ப் பார்ப்பாள். கல்யாணமான புதிதில் என்னைக்கூட அப்படிப் பார்த்ததில்லை.

பங்குனியில்தான் மேல்வீட்டுப் பியூலா அந்த ஷீட்டைப் போட்டார்.

பியூலா தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார். பால்கனியில் துணி காயப்போட்டால் வெயிலில் வெளுக்கிறது, மழையில் நனைகிறது என்று ஃபைபர் ஷீட் போட்டார். பச்சை ஃபைபர் ஷீட். பால்கனியோடு நின்றதா? ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒரு முழத்துக்கு நேர் கீழே எங்கள் தொட்டி.

மறுநாள் காலை பின்பக்கம் போனேன். என் வெள்ளை வேட்டி பச்சையாக இருந்தது. சுவர் பச்சை. பிரமுவின் முகம், கொடைக்கானல் பஸ்ஸில் வாந்தி எடுக்கப்போகிறவள் முகம் மாதிரி இருந்தது.

"நல்லா குளுகுளுன்னு இருக்குல்லா?" என்றாள்.

எனக்கு அப்போதே பொறி தட்டியது. கடையில் நீல ஷீட் இருக்கிறது. வெள்ளை இருக்கிறது. ஒன்றுமே இல்லாத கண்ணாடி மாதிரியான ஷீட்கூட இருக்கிறது. ஒருவர் ஏன் குறிப்பாகப் பச்சையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

கேட்டேன். மாடிப்படியில் நிறுத்திக் கேட்டேன்.

"கடைக்காரர் செடிக்கு நல்லதுன்னாரு அண்ணாச்சி. கீழ மதினி கொடி வச்சிருக்காங்கல்லா, அதான் பச்சையா பாத்து வாங்குனேன்" என்றார்.

பாருங்கள். கொடியை மனதில் வைத்துத்தான் வாங்கியிருக்கிறார். அதை அவரே ஒப்புக்கொள்கிறார்.

காரணம் இல்லாமல் யாரையும் சந்தேகப்படுகிறவன் நான் இல்லை. காரணம் இருந்தது. போன கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுக்க எங்களைக் கூப்பிட்டிருந்தார். வரவேற்பறையில் சவுக்குக் கிளையை நட்டு நட்சத்திரமெல்லாம் தொங்கவிட்டிருந்தார். 'இலையெல்லாம் எவ்வளவு மெல்லிசா அழகா இருக்கு பாருங்க அண்ணாச்சி' என்றார். சவுக்கில் நாம் இலை என்று நினைப்பது இலையே இல்லை, அது தண்டு. இலை என்பது கணுவில் செதில் மாதிரி, கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும். இதை அவருக்கு விளக்கினேன். சர்ச்சிலிருந்து வந்திருந்த நாலைந்து பேருக்கும் விளக்கினேன். ஒரு கிளையை ஒடித்துக் காட்டித்தான் விளக்கினேன். அந்தக் கிளையில் ஒரு நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. பியூலா சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அந்தச் சிரிப்பைத்தான் நான் மறக்கவில்லை.

செய்துங்கநல்லூர் வந்துவிட்டது. அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கள், தூசி.

வெறும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு பேசுவது என் வழக்கம் இல்லை. நிரூபிக்க வேண்டும். இலை சமைத்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க நல்ல சோதனை இருக்கிறது. பகலெல்லாம் வெளிச்சத்தில் இருந்த இலையில் மாவுச்சத்து சேர்ந்திருக்கும். இலையைப் பறித்து வெந்நீரில் போட வேண்டும். பிறகு ஸ்பிரிட்டில் போட்டு, அந்தப் பாத்திரத்தைச் சுடுதண்ணீரில் வைத்தால் பச்சையம் முழுக்கக் கரைந்து இறங்கிவிடும். வெளுத்த இலைமேல் அயோடின் விட்டால், மாவுச்சத்து இருக்கிற இடம் கருநீலமாகும். இல்லாத இடம் பழுப்பாகவே நிற்கும். இலை பொய் சொல்லாது.

ஒரு இலை போதாது. ஷீட்டுக்குக் கீழே ஒன்று, சுவரோரம் நேர் வெயில் படுகிற இடத்தில் ஒன்று. ஒப்பீடு இல்லாத சோதனை வதந்திக்குச் சமம். ஆகவே நாள்தோறும் சாயங்காலம் இரண்டு இலை பறித்தேன். நாள்தோறும் ஏன் என்றால், ஒருநாள் மேகம் இருக்கும், ஒருநாள் இருக்காது. சராசரி வேண்டாமா?

பிரமுவின் பால் காய்ச்சுகிற பாத்திரத்தைத்தான் எடுத்துக்கொண்டேன். ஸ்பிரிட்டுக்கு டம்ளர். அடுக்களை முழுக்க ஆஸ்பத்திரி வாசனை.

"என்னத்துக்கு இப்படிப் பறிச்சுப் பறிச்சு அவிக்கிய?" என்றாள்.

"உன் கொடியைக் காப்பாற்றத்தான்."

"பறிச்சா காப்பாத்துவாவ?"

"டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்ப்பதில்லையா?"

"டாக்டர் தெனமுமா எடுக்காரு? அதும் ஒரு செம்பு?"

விஞ்ஞானம் தெரியாதவர்களோடு உவமை பேசக் கூடாது. உவமையைப் பிடித்துக்கொண்டு நம்மையே அடிப்பார்கள்.

முதல் வாரம் இரண்டு இலையும் கருநீலமாகவே வந்தன. ஷீட்டுக்குக் கீழே இருந்த இலை ஒரு பங்கு அழுத்தமாகவே வந்தது. இது இருக்கக் கூடாது. அயோடின் பழையதோ என்று புதிது வாங்கினேன். அப்படியேதான் வந்தது. ஒரு சோதனை எதிர்பார்த்ததைத் தரவில்லை என்றால் சோதனையைத்தான் திரும்பச் செய்ய வேண்டும். எதிர்பார்ப்பைத் திரும்பச் செய்ய முடியாது. நான்கு இலையாக உயர்த்தினேன்.

இதற்கிடையில் குடியிருப்புச் சங்கச் செயலாளர் மைதீன் வீட்டுக்கு வந்தார். பாங்கில் வேலை பார்த்தவர், மரியாதையான மனிதர். உட்கார்ந்தார். மூக்கை ஒருமாதிரி உறிஞ்சினார்.

"சார்வாள், தப்பா நெனைக்கக் கூடாது. வீட்ல மதினி சொகமா?"

"சுகம்தான்."

"இல்ல, ரிட்டயர்டு ஆனா மனசு ஒருமாதிரி ஆகும். எங்க மச்சான் ஒருத்தருக்கு இப்படித்தான். சாயங்காலம் ஆனா போதும். இப்ப அதுக்குன்னே ஆஸ்பத்திரி இருக்கு, வெளிய தெரியாம பாத்துக்கிடுவாவ."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. மருந்துக்கடையில் ஸ்பிரிட் பாட்டில் பாட்டிலாக வாங்குகிறேன் அல்லவா? சாயங்காலமானால் வீட்டிலிருந்து வாசனை. நான் குடிக்கிறேன் என்று குடியிருப்பு முழுக்கப் பேச்சு. இந்தப் பேச்சை யார் கிளப்பியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? மேல்வீட்டுக்குத்தானே வாசனை முதலில் போகும்? பெயரைச் சொல்ல நான் விரும்பவில்லை.

சித்திரை முடிவதற்குள் கொடியில் இலைகள் கண்கூடாகக் குறைந்துவிட்டன. அதுதான் எனக்குக் கிடைத்த உறுதியான ஆதாரம். ஷீட் வருவதற்கு முன்னால் அடர்த்தி. ஷீட் வந்த பிறகு நாளுக்கு நாள் குறைவு. சுவர் தெரிய ஆரம்பித்துவிட்டது. பிரமுவைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

"பாத்தியா? பச்சை வெளிச்சம் செய்கிற வேலை."

அவள் கொடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நீங்க பறிக்கியளே, அது கணக்கு இல்லையா?"

"நான் எடுப்பது மாதிரி, அதாவது சாம்பிள். மாதிரியை யாரும் இழப்பில் சேர்ப்பதில்லை."

அவள் செம்பை எடுத்துத் தொட்டிக்குத் தண்ணீர் விட ஆரம்பித்தாள். வாதத்தில் தோற்றவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

சங்கக் கூட்டத்தில் இதைக் கிளப்பினேன். சிவப்பு, நீலம், பச்சை செலோபன் காகிதங்கள் வாங்கிப் போயிருந்தேன். டார்ச் லைட்டில் ஒவ்வொன்றாகச் சுற்றிக் காட்டினேன். சிவப்பில் இலை நன்றாகச் சமைக்கும், நீலத்தில் சமைக்கும், பச்சையில் அரைப்பட்டினி. எல்லோருக்கும் புரிகிற மாதிரி பாகற்காயைச் சொன்னேன். கைதட்டக்கூடச் செய்தார்கள்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். பச்சை முழுக்க வீண் என்பதும் ஒரு தவறான நம்பிக்கைதான். விழுகிற பச்சையில் பெரும்பங்கை இலை எடுத்துக்கொள்ளத்தான் செய்கிறது. இலைக்குள் ஆழமாகப் போய் அடிப்பக்கத்துக்கும் வேலை கொடுப்பது அந்தப் பச்சைதான். சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள வித்தியாசம் பள்ளிப் புத்தகத்தில் போட்டிருக்கிற அளவுக்குப் பெரியது இல்லை. இதை நான் கூட்டத்தில் சொல்லவில்லை. நுணுக்கம் கூடினால் சாதாரண ஜனங்கள் குழம்பிப்போவார்கள்.

மைதீன்தான் எழுந்து கேட்டார். "சார்வாள், ஒரு சந்தேகம். கொடிக்கால்ல அகத்திய வளத்து, அது நெழல்லதான வெத்தலைய வைக்காவ? வெத்தலைக்கு வெயில்தான ஆகாது? அகத்தி இலையும் பச்சதான?"

"நிழல் வேறு, பச்சை நிழல் வேறு" என்றேன். "நிழல் என்பது குறைந்த வெளிச்சம். பச்சை நிழல் என்பது ஏமாற்றுகிற வெளிச்சம்."

"அப்ப அகத்தி ஏமாத்துதா?"

சிலர் சிரித்தார்கள். பியூலா சிரிக்கவில்லை. எழுந்து நின்றார்.

"எதுக்கு இவ்வளவு பேச்சு? எந்தப் புள்ளைக்காக மதினி கொடி வச்சாங்கன்னு எனக்குத் தெரியும். நாளைக்கே கழட்டிடுதேன். எந்துணி வெளுத்தா வெளுத்துட்டுப் போவுது" என்றார்.

இவ்வளவு சுலபமாக ஒருவர் விட்டுக்கொடுத்தால் அதில் ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம். நான் உஷாராகவே இருந்தேன். சொன்ன மாதிரியே ஷீட் இறங்கியது. இறக்கிய ஷீட்டை அவர் விற்கவில்லை, சுவரோரம் சாய்த்துத்தான் வைத்தார். அதையும் கவனித்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆழ்வார்திருநகரி தாண்டிவிட்டது, நேரம் இல்லை.

ஆடி முடியும்போது வரன் ஒன்று திகைந்தது. நாகர்கோவில் பையன். ஆவணியில் நிச்சயம் என்று நாளும் குறித்தார்கள். முறியவில்லை. ஆனால் கொடியின் நிலைமை பரிதாபம். ஷீட் போன பிறகு இலைகள் மீள்கின்றனவா என்று தெரிய வேண்டாமா? அதற்கும் மாதிரி எடுக்க வேண்டியிருந்தது. வெயில் வேறு நேராக விழுந்து சில இலைகள் கருகி உதிர்ந்தன. பச்சை வெளிச்சத்தின் பின்விளைவு சில நாள் கழித்தும் வரும் என்று நினைக்கிறேன். கடைசியில் உச்சியில் ஒரே ஒரு நல்ல இலை நின்றது. அகலமான, குறை சொல்ல முடியாத இலை.

பிரமு அதைப் பார்த்துக்கொள்வதற்காகவே தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தாள். அங்கேயே கீரை ஆய்வாள், அங்கேயே போன் பேசுவாள். பகலில் பழைய சேலையை அதற்குமேல் பந்தல் மாதிரி கட்டுவாள். நான் பின்பக்கம் போனால், "என்ன வேணும்?" என்பாள். என் வீட்டில் என்னிடமே.

"ஒண்ணுதான் இருக்கு. அத மட்டும் தொட்டுராதிய. ஒங்கள கையெடுத்துக் கும்பிடுதேன்" என்றாள், நிச்சயத்துக்கு முந்தின நாள்.

"நான் ஏன் தொடப்போகிறேன்?" என்றேன். அப்போது அந்த எண்ணம் எனக்கு இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

மறுநாள் காலை வீடு நிறைய ஜனம். பிரமு குளிக்கப் போயிருந்தாள். மைதீன் வந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டில் பெரியப்பா ஒருவர், ஏதோ கல்லூரியில் ரசாயனம் கற்பித்தவராம், என்னோடு பேச உட்கார்ந்தார். பேச்சு எப்படியோ இந்த விஷயத்துக்கு வந்தது. நான் கொண்டுவரவில்லை, வந்தது. மைதீன் என்ன சொன்னார் தெரியுமா? "சார்வாள் பாவம் அந்தப் பியூலாம்மா ஷீட்ட கழட்ட வச்சிட்டாவ. கழட்டியும் கொடி தேறலியே!" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தார்.

கொடி தேறியிருக்கிறது என்பதற்கு ஒரே சாட்சி அந்த இலைதான். நீங்களே சொல்லுங்கள். ஒரு ரசாயன ஆசிரியர் முன்னால் என் முடிவு பொய் என்று ஆகிறது. சாட்சி பத்தடி தூரத்தில் இருக்கிறது. பாதி இலையைக் கிள்ளினால் போதுமே என்றுகூட யோசித்தேன். பாதி இலையில் வருகிற முடிவை யாராவது ஆட்சேபிக்கலாம். மேலும் தட்டில் பாதி இலையை வைப்பது அபசகுனம் என்று பிரமுவே சொல்வாள்.

கருநீலம். அப்படி ஒரு கருநீலத்தை என் ஆசிரியர் வாழ்க்கையிலேயே பார்த்ததில்லை. நுனியிலிருந்து காம்புவரை ஒரே சீராக. சாஸரில் வைத்துக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன்.

பெரியப்பா எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, துவையலா?" என்றார்.

நான் விளக்க ஆரம்பித்தேன். அப்போது பிரமு பட்டுப்புடவையோடு பின்பக்கத்திலிருந்து உள்ளே வந்தாள். சாஸரைப் பார்த்தாள். தாம்பூலத் தட்டை எடுத்துத் தேங்காயைச் சரியாக வைத்து, பழத்தைச் சரியாக வைத்து, மார்க்கெட்டில் வாங்கியிருந்த வெற்றிலைக் கட்டைப் பிரித்து அடுக்கினாள். கோமதிதான் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. போட்டோ எடுக்கும்போது பிரமுவைக் கூப்பிட்டார்கள். அடுக்களையில் பாயசம் அடிப்பிடிக்கிறது என்றாள். பாயசம் இறக்கி ஆறிப்போயிருந்தது, நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததில்தான் எனக்குச் சந்தேகம். மறுநாள் பார்த்தால் தொட்டி காலி. மொட்டைத் தண்டுதானே என்று யாரும் விட்டுவைக்கவில்லை. கணுக் கணுவாக, பக்குவமாக வெட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். வெற்றிலைத் தண்டில் ஒரு கணு இருந்தால் போதும், வேர் விட்டுவிடும். விஷயம் தெரிந்த கைதான் வெட்டியிருக்கிறது. யாராவது வெளியாள் வந்தார்களா என்று பிரமுவிடம் கேட்டேன். "வெளியாள் யாரும் வரல" என்றாள். அந்த வாரமே பியூலா பச்சை ஷீட்டை மறுபடி மாட்டிவிட்டார். இந்தத் தடவை பால்கனியோடு நிறுத்திக்கொண்டார், ஒரு விரற்கடைகூட வெளியே இல்லை. சங்கத்தில் புகார் சொல்ல வழியில்லாமல் செய்துவிட்டார். பால்கனிக்குள் என்ன வைத்திருக்கிறார் என்று கீழேயிருந்து தெரியவில்லை. மாடிக்குப் போய்க் கேட்டேன். கதவைப் பாதி திறந்து, "துணி காயுது அண்ணாச்சி" என்றார்.

பிரமுவை அனுப்பி விசாரிக்கச் சொன்னேன். சரி என்றாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் போகிறாள், முழங்கால் வலியோடு. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். வந்ததும் கேட்பேன். பால்கனியில் ஒன்றும் இல்லை என்பாள், அதற்குமேல் பேச மாட்டாள்.

குரும்பூர் தாண்டிவிட்டோம். இனி பையை இறக்கிக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் கவனித்தேன். போன வாரத்திலிருந்து, மாடியிலிருந்து இறங்கி வரும்போது பிரமுவின் வாய் சிவந்திருக்கிறது.